வீட்டில் ஒருவருக்கு டிப்ரஷனா? அறிவுரையை விடுங்கள், எடுபிடி வேலையைப் பாருங்கள்

வீட்டில் ஒருவருக்கு மனச்சோர்வு என்று தெரிந்தவுடன் சுற்றியிருக்கும் அத்தனை பேரும் பேச ஆரம்பித்துவிடுகிறோம். மனசைத் தைரியமா வச்சுக்கோ, உனக்கென்ன குறை, கோயிலுக்குப் போயிட்டு வா, யோகா பண்ணு, காலையில அஞ்சு மணிக்கு எந்திரி. எல்லாம் நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் பல் தேய்க்க எழுந்திருப்பதற்கே தெம்பில்லாமல் படுத்திருக்கும் ஒருவருக்கு இதெல்லாம் இன்னும் ஐந்து வேலைகளாகத்தான் போய்ச் சேரும். செய்ய முடியாது, செய்ய முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சி வேறு கூடும். அந்தக் குற்ற உணர்ச்சியே இந்த நோயின் ஒரு பாகம் என்பதால் நாம் வைத்தியம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு நோய்க்குத் தீனி போட்டுக்கொண்டிருப்போம்.

என்னைக் கேட்டால், துணையாக இருப்பது என்பது முக்கால்வாசி எடுபிடி வேலை. ஓ.பி. சீட்டு போடுவது, மாத்திரை தீர்வதற்கு முன்னால் வாங்கி வைப்பது, சொந்தக்காரர்களைச் சமாளிப்பது, சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கொண்டுபோய் வைப்பது, அப்புறம் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. மீதிக் கால்வாசிதான் பேச்சு. அதனால் இதை ஒரு வேலைக் குறிப்பாகவே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு சாதாரணக் குடும்பம், அரசு ஆஸ்பத்திரி, கையில் அளவான காசு, இதை மனதில் வைத்துக்கொண்டு.

முதலில், இது வெறும் வருத்தம்தானா என்ற சந்தேகம் வரும். மருத்துவர்கள் பார்க்கிற கணக்கு ஏறக்குறைய இப்படி: மனம் இறுகிக் கிடப்பதோ, முன்பு பிடித்த எதிலுமே நாட்டமில்லாமல் போவதோ, கிட்டத்தட்ட தினமும், நாளில் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறதா. கூடவே தூக்கம், பசி, கவனம், தெம்பு இவையும் கெட்டிருக்கிறதா. நம் ஊரில் பலர் 'மனசு சரியில்லை' என்று சொல்லவே மாட்டார்கள். உடம்பெல்லாம் வலி, நெஞ்சு படபடப்பு, தலை பாரம், கை கால் எரிச்சல் என்றுதான் வரும். ஸ்கேன், ஈ.சி.ஜி., எண்டோஸ்கோபி என்று காசு கரைந்த பிறகும் எல்லாம் நார்மல் என்று ரிப்போர்ட் வந்துகொண்டே இருந்தால் இந்தப் பக்கமும் ஒரு முறை யோசியுங்கள். ஆண்களுக்கு இது எரிச்சலாகவும் கோபமாகவும் திடீரென்று கூடிப்போன குடியாகவும் வெளியே வரலாம். வயதானவர்களுக்கு ஞாபக மறதி மாதிரியே தெரியும், 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவோம். பிள்ளை பெற்ற பெண் அழுதுகொண்டே இருந்தால் பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்பார்கள். முதல் வாரத்தில் வந்து போகும் அழுகை வேறு, இரண்டு வாரம் தாண்டியும் விடாமல், குழந்தையைத் தூக்கவே மனமில்லாமல் இருப்பது வேறு. பின்னதற்கு டாக்டர் வேண்டும்.

தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு, இதெல்லாமும் ஏறக்குறைய இதே மாதிரி ஆளைச் சாய்க்கும். ஆகவே ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் 'மனசுக்கு எதுக்கு ரத்தம்' என்று கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

பேச்சை எடுப்பது எப்படி

கூடத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு எடுக்காதீர்கள், பஞ்சாயத்து மாதிரி ஆகிவிடும். முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்பதைவிட, வண்டியில் போகும்போதோ, துணி மடிக்கும்போதோ, மொட்டை மாடியில் நிற்கும்போதோ கேட்பது இரண்டு பேருக்கும் சுலபம். நோய்ப் பெயரைச் சொல்லவும் வேண்டாம், நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். ஒரு தம்பி தன் அக்காவிடம் இப்படிச் சொல்லலாம்: "அக்கா, ஒரு மாசமா நீ சரியாத் தூங்கலன்னு தெரியுது. மூணு மணிக்கே எந்திரிச்சு ஹால்ல உக்காந்திருக்க. டிவிகூடப் பாக்கறதில்ல. ஏன் எதுக்குன்னு நோண்டல. டாக்டர்கிட்டப் போலாம், செவ்வாக்கிழமை நான் லீவு சொல்லிட்டேன்." அக்கா நிச்சயம் சொல்வாள், "எனக்கு ஒண்ணுமில்லடா, சும்மா டயர்டு." அங்கே வாதம் வேண்டாம். "சரி, அந்த டயர்டுக்கே போவோம்." அவ்வளவுதான். முதல் நாள் ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிட்டு நாலு நாள் கழித்து அதே குரலில் மறுபடி கேளுங்கள். செவ்வாய்க்கிழமை லீவு போட்டாயிற்று என்ற விவரம் ஆயிரம் ஆறுதலைவிட வேலை செய்யும், ஏனென்றால் அவர் முடிவெடுக்க வேண்டிய விஷயத்தில் ஒன்றை நீங்கள் குறைத்துவிட்டீர்கள்.

பதில் வராமல் நீண்ட மௌனம் வந்தால் அதை நிரப்ப வேண்டாம். இந்த நோயில் யோசனையே மெதுவாகத்தான் ஓடும்.

சொல்லக் கூடாததில் மோசமானது எது என்று கேட்டால், 'கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்' என்பதைச் சொல்வேன். ஆகாது. நோயோடு இன்னொரு வீட்டுக்கு அனுப்புகிறீர்கள், மாத்திரையை மறைத்துச் சாப்பிட வைக்கிறீர்கள், ஆறே மாதத்தில் இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருக்கும். 'ஒரு குழந்தை பிறந்தா எல்லாம் மாறிடும்' என்பதும் இதே வகைதான். அடுத்தது ஒப்பீடு: எதிர்வீட்டுப் பெண்ணுக்கு உன்னைவிடக் கஷ்டம், அவள் சிரித்துக்கொண்டு இல்லையா. கஷ்டத்தின் அளவுக்கும் இந்த நோய்க்கும் நேர்க்கணக்கு கிடையாது, எல்லாம் நன்றாக இருக்கிற வீட்டிலும் வரும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள்

எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வருவதும் உண்டு. உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டால் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம். சென்னையில் 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. சினிமா பார்த்துப் பார்த்து அந்த ஊர்ப் பேரையே கிண்டலாக்கி வைத்திருக்கிறோம். ஓ.பி.யில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்: கம்பெனி ஐ.டி. கார்டை மாட்டிக்கொண்டு ஒருவர், மகளோடு ஒரு பாட்டி, செமஸ்டர் புத்தகத்தோடு ஒரு பையன், மாத்திரை வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கூட்டமான நாளில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அந்த நேரத்தில் உள்ளே போய் 'என்ன பண்ணுது' என்று கேட்டால் நோயாளி 'ஒண்ணுமில்ல டாக்டர், தூக்கம் வரல' என்று முடித்துவிடுவார், ஒரு தூக்க மாத்திரையோடு வெளியே வர வேண்டியிருக்கும். ஆகவே முந்தின நாள் ராத்திரியே, அவரோடு உட்கார்ந்து, ஒரு அரைப் பக்கம் எழுதிவிடுங்கள். எப்போதிலிருந்து, எத்தனை மணிக்குத் தூக்கம் கலைகிறது, எடை குறைந்திருக்கிறதா, குடி சிகரெட் உண்டா, சுகர் பிரஷருக்கு என்ன மாத்திரை ஓடுகிறது, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, சாவைப் பற்றி ஏதாவது சொன்னாரா. இன்னொன்றையும் கட்டாயம் எழுதுங்கள்: எப்போதாவது இதற்கு நேர் எதிராக, தூக்கமே இல்லாமல் களைப்பே தெரியாமல், ஓயாமல் பேசிக்கொண்டு, கையில் இருந்ததையெல்லாம் செலவு செய்துகொண்டு சில நாட்கள் இருந்திருக்கிறாரா? அப்படி இருந்தால் அது சோர்வும் துள்ளலும் மாறி மாறி வரும் பைபோலார் நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு, மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அந்தத் துள்ளல் நிலைக்குத் தள்ளிவிடக் கூடும். 'அப்போ ரொம்ப சந்தோஷமா இருந்தாரே, அதை எதுக்கு டாக்டர்கிட்ட சொல்லணும்' என்று வீட்டில் விட்டுவிடும் விஷயம் இதுதான்.

உள்ளே போகும்போது 'நானும் வரவா, வெளியில இருக்கவா' என்று அவரிடமே கேளுங்கள். கொஞ்ச நேரமாவது அவர் டாக்டரோடு தனியாகப் பேசட்டும். மருமகள் சொல்ல வேண்டியது மாமியார் பற்றியதாக இருக்கும்போது மாமியாரே துணைக்கு உட்கார்ந்திருந்தால் என்னத்தைச் சொல்வாள்?

மாத்திரை விஷயம்

லேசான மனச்சோர்வுக்கு எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது, பேச்சு சிகிச்சையே போதுமாக இருக்கலாம். அதற்கு ஆளைத் தேடும்போது கொஞ்சம் உஷார்: கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும், கேட்டால் தப்பில்லை. வாரக் கடைசி வகுப்பு ஒன்றை முடித்துவிட்டு போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள்.

நடுத்தரம் அல்லது தீவிரம் என்றால் பெரும்பாலும் மாத்திரை எழுதுவார்கள். ஃப்ளூவாக்ஸிடின், எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்றவை வழக்கமானவை. இவை தலைவலி மாத்திரை மாதிரி அரை மணியில் கேட்காது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலனுக்கு ஆறு, எட்டு வாரம்கூட ஆகும். ஆனால் குமட்டல், தலைவலி, வயிற்றுப் போக்கு, ஒரு படபடப்பு, இவையெல்லாம் முதல் வாரமே வந்துவிடும். அதாவது முதல் பத்து நாள் தொந்தரவு மட்டும் இருக்கும், குணம் இருக்காது. நிறையப் பேர் நிறுத்துவது இங்கேதான். நீங்கள் கூட இருக்க வேண்டியதும் இங்கேதான். 'ரெண்டு வாரம் தாண்டினா குமட்டல் குறையும்னு டாக்டர் சொன்னார்ல, சாப்பிட்டுட்டுப் போட்டுப் பாரு' என்று ஞாபகப்படுத்தலாம், தாங்க முடியாவிட்டால் நிறுத்துவதற்குப் பதில் டாக்டருக்குப் போன் போடலாம். நோயாளி 25 வயதுக்குள் இருந்தால் இந்த முதல் சில வாரங்களில் தவிப்போ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று கூடுதலாகக் கவனியுங்கள்.

பக்கத்து வீட்டில் சொல்வார்கள், இது தூக்க மாத்திரை, பழகிடும், விடவே முடியாது என்று. மேலே சொன்ன வகை மாத்திரைகளுக்கு அடிமையாவது கிடையாது. ஆரம்பத்தில் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் சேர்த்துத் தரும் குளோனசிபாம் போன்றவைதான் பழகக் கூடியவை, அதனால்தான் டாக்டர் அதைக் குறுகிய காலத்துக்குக் கொடுத்துவிட்டுக் குறைப்பார். ஆனால் எந்த மாத்திரையையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் சுரீர் சுரீரென்று ஷாக் அடிப்பது மாதிரி எல்லாம் வரும், 'பாத்தியா, பழகிடுச்சு' என்று அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதமாவது தொடரச் சொல்வது வழக்கம், இரண்டாவது மூன்றாவது தடவை வந்தவர்களுக்கு இன்னும் நீளும். தீபாவளி, திருவிழா, கல்யாணம் என்று ஊருக்குப் போகும்போது மாத்திரைக் கவரை எடுத்து வைத்தாயிற்றா என்று பார்ப்பது உங்கள் வேலை.

கோயில், தர்கா, நேர்த்திக்கடன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போங்கள், மனதுக்குத் தெம்பு என்றால் தாராளமாகப் போங்கள். மாத்திரையும் கூட வரட்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, தர்காவுக்குப் பேர்போன ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பிக்க முடியாமல் இறந்துபோனார்கள். இன்று அதே ஏர்வாடி தர்காவில் மருந்தும் துவாவும் சேர்ந்தே கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சங்கிலியில் கட்டிவைப்பது எந்த இடத்திலும் சட்டவிரோதம். விரதமோ நோன்போ இருப்பதானால் மாத்திரை நேரத்தை மட்டும் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டில் அன்றாடம்

பலருக்குக் காலைதான் மோசம், சாயங்காலம் கொஞ்சம் இளகும். ஆகவே குளியல், வெளியே போவது, யாரையாவது பார்ப்பது எல்லாவற்றையும் நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். 'வாக்கிங் போ, உடம்புக்கு நல்லது' என்றால் நடக்காது. 'பால் வாங்கப் போறேன், செருப்பைப் போட்டுட்டு வா' என்றால் பாதி நாள் நடக்கும். தெருமுனை வரை போய்த் திரும்பினாலும் சரி. வந்ததும் 'பாத்தியா, உன்னால முடியுதுல்ல, நாளைக்கு மார்க்கெட் வரைக்கும் போலாம்' என்று ஆரம்பிக்காதீர்கள். அடுத்த நாள் செருப்பே போட மாட்டார். பாலைக் காய்ச்சப் போய்விடுங்கள்.

'என்ன வேணும் சொல்லு' என்ற கேள்வியும் உதவாது. என்ன வேண்டும் என்று தெரிந்தால் அவரே கேட்டிருப்பாரே. 'ரசம் சாதமா, தோசையா' என்று இரண்டுக்குள் கேளுங்கள், பதில் வராவிட்டால் ரசம் சாதத்தைக் கொண்டுபோய் வையுங்கள். கரண்ட் பில், பிள்ளை ஸ்கூல் பீஸ், கேஸ் புக்கிங் மாதிரி தேதி உள்ள வேலைகளைச் சத்தமில்லாமல் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளவும் வேண்டாம். செடிக்குத் தண்ணீர், சாயங்கால விளக்கு என்று ஏதோ ஒன்று அவர் பொறுப்பில் இருக்கட்டும். பெரிய முடிவுகள், அதாவது வேலையை விடுவது, நிலத்தை விற்பது, கோர்ட்டுக்குப் போவது, எல்லாம் தள்ளிப்போகட்டும்.

சொந்தக்காரர்களைக் கையாள்வது தனிக் கலை. கல்யாண வீட்டில் பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு 'என்னடி இப்படி இளைச்சுட்ட, ஏதாச்சும் பிரச்சினையா' என்று எல்லோர் காதிலும் விழக் கேட்பார். அதற்கு என்ன பதில் என்பதைப் புறப்படும் முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'தைராய்டு பெரியம்மா, மாத்திரை ஓடுது' என்று சொல்லலாமா, உண்மையைச் சொல்லலாமா என்பது நோயாளியின் முடிவு, உங்களுடையது இல்லை. யாருக்குத் தெரிய வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதும் அப்படியே. தாலி கட்டியதும் கிளம்பிவிடலாம், சாப்பாட்டுப் பந்திக்கு நிற்க வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிட்டால் வருவதற்குக்கூடச் சம்மதிப்பார்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் மறைக்காதீர்கள். 'அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, மருந்து சாப்பிடறாங்க, நீ ஒண்ணும் பண்ணல' என்பது போதும். கடைசித் துண்டுதான் முக்கியம். பிள்ளைகள் தங்களால்தான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சாவு பற்றிப் பேச்சு வந்தால்

நேராகக் கேளுங்கள். 'செத்துப் போயிடலாம்னு தோணுதா?' கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை. கேட்டதும் பலருக்கு மூச்சு விட்ட மாதிரிதான் இருக்கும். 'ஆமா' என்று பதில் வந்தால் 'பைத்தியக்காரத்தனமாப் பேசாத, பிள்ளைங்கள நெனச்சுப் பாரு' என்று பாயாமல் கேட்டுக்கொண்டிருங்கள், அப்புறம் 'எப்படின்னு ஏதாச்சும் யோசிச்சு வச்சிருக்கியா' என்றும் கேளுங்கள். வழியும் நேரமும் யோசித்து வைத்திருந்தால் அது அவசரம். தனியாக விடக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது.

விவசாய வீடானால் பூச்சிமருந்தை மாட்டுக் கொட்டகையில் சொருகி வைத்திருப்போம். பூட்டி வைப்பதைவிட வேறொருவர் வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள். ஒரு மாத மாத்திரையையும் அவர் கையில் கொடுக்காமல் நீங்கள் வைத்துக்கொண்டு அன்றன்றைக்குக் கொடுங்கள். இந்த எண்ணம் பெரும்பாலும் அலையாக ஏறி இறங்கும், ஏறியிருக்கும் நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ள இடம் கிடைக்கும்.

எண்களை இப்போதே போனில் போட்டு வையுங்கள். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், இரவும் பகலும், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் அடிக்கலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. ஏதாவது விபரீதம் நடந்துவிட்டால் 108.

அப்படி நடந்துவிட்டால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து டாக்டரிடம் 'தெரியாமக் குடிச்சுட்டாங்க' என்று மழுப்புவது நம் ஊரில் உண்டு. என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பது சரியாகத் தெரிந்தால்தான் சரியான முறிவு மருந்து கொடுக்க முடியும். 2017 மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொண்டு, வழக்கும் தண்டனையும் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவும் இல்லை. போலீஸ் வந்து விசாரிக்கலாம், அதற்காக ஒளிக்க வேண்டாம்.

கவனமாக இருக்க வேண்டிய சமயம் ஒன்று இருக்கிறது, வீட்டில் எல்லோரும் அசந்து போவதும் அப்போதுதான். மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும்போது மனம் தேறுவதற்கு முன்னால் உடம்புக்குத் தெம்பு வந்துவிடலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்களும் அப்படித்தான். இத்தனை நாள் தவித்தவர் காரணமில்லாமல் அமைதியாகி, பொருளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் 'தேறிட்டார்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்கே கேளுங்கள்.

உங்கள் பாடு

உங்களுக்கும் கோபம் வரும், இவ்வளவு செய்தும் ஒரு சிரிப்பு இல்லையே என்று. வரட்டும், அதை அவரிடம் காட்டாமல் வேறு யாரிடமாவது கொட்டுங்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களும் 14416-ல் பேசலாம். ஒரே ஆள் இழுத்துக்கொண்டு போனால் மூன்றாவது மாதம் அவரும் படுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அண்ணி, ஆஸ்பத்திரி நாள் தம்பி என்று பிரித்துக்கொள்ளுங்கள். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இருந்தால் எடுத்துப் பாருங்கள், உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று மேலே சொன்ன 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

ஒரு தடவை வந்தவர்களில் பலருக்கு இது மறுபடி வரும். அதனால் அவர் தெளிவாக இருக்கிற ஒரு நாளில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்: போன தடவை முதலில் எது கெட்டது? சிலருக்கு மூன்று மணிக்கு விழிப்பு, சிலருக்குப் போன் எடுக்காமல் விடுவது, ஒருவருக்குத் தாடி மழிக்காமல் விடுவது. அது மறுபடி தலைகாட்டினால் நான் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கலாமா, ஆபீசில் யாரிடம் சொல்லலாம், எந்த ஆஸ்பத்திரி வேண்டாம், எல்லாவற்றுக்கும் அவர் வாயாலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி அறிகுறி தெரிந்தால் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மாத்திரை வாங்கி நீங்களாகக் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போங்கள், இந்த முறை மருந்தும் அளவும் வேறாக இருக்கலாம்.